கால் தெரியும் படங்கள்

யாரைப் பார்த்தாலும் மேகலா முதலில் காலைத்தான் பார்ப்பாள். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். முடிந்து வரும் ஷூவை ஜோடியாகத் தூக்கி, இடதையும் வலதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். நிறம், தையல், தோலின் மினுமினுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக, விரல் மடங்கும் இடத்தில் கட்டைவிரலால் தடவுவாள். அங்கே மெல்லிய கோடு தட்டினாலும் ஷூ தனியே போய்விடும். யாரோ காலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டிக்குள் போகிற ஷூவுக்குள் எந்தக் காலும் நுழைந்திருக்கக் கூடாது.

அவள் ஊரான ஒடுகத்தூரில் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும். திரும்பி வந்து இறங்க ஏழாகிவிடும். கணவர் சுந்தரமூர்த்தி ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறார். ஒரே பெண் பூங்குழலி. வேலூரில் இன்ஜினியரிங் முடித்து, கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றிய மேல்படிப்புக்குப் போன செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போனாள். அந்த ஊரின் பெயர் மேகலாவின் வாயில் நுழையவில்லை. ‘குழலி ஊர்’ என்றே சொல்லிவந்தாள்.

பெண் கிளம்பும்போது ஒரு ஜோடி ஷூ கொடுத்தனுப்பினாள். கணுக்கால் வரை ஏறும் பிரவுன் தோல் ஷூ. வருஷத்துக்கு ஒருமுறை, கழித்த ஜோடிகளைத் தொழிலாளர்களுக்கு விற்பார்கள். அதில் வாங்கியது. இடது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்ன வடு இருந்தது. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த இடம். அந்த ஜோடியைக் கழித்ததே மேகலாதான்.

முதல் மாதம் பூங்குழலி தினமும் பேசினாள். ஆறு பேருக்கு ஒரே சமையலறை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, அதில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். ராத்திரிக்கு எல்லோரும் ரொட்டியை அப்படியே தின்கிறார்கள், அடுப்பே மூட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கடையும் கிடையாது, டிராமில் போகிறவர்கள்கூட மெதுவாகத்தான் பேசுகிறார்கள். மேகலா கேட்டுக்கொண்டே அரிசி களைவாள்.

நவம்பரிலிருந்து பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று சுருங்கியது. படிப்பு ஜாஸ்தி என்றாள். பேச்சுக்குப் பதிலாக வாரம் மூன்று படம் வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு. இந்த வாரம் ஏரிக்குப் போனோம். இந்த வாரம் பழைய கோட்டை. இந்த வாரம் மணிக்கூண்டு இருக்கிற சதுக்கம், இங்கே சந்தை போடுவார்கள். சிவப்பு சால்வையில் ஒரு படம், நீல சால்வையில் ஒன்று, கடுகு மஞ்சளில் ஒன்று. எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாள். கால் தெரிகிற மாதிரி எடு என்று மேகலா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். அப்படியே எடுத்திருந்தாள்.

சுந்தரமூர்த்தி ஏரிப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்டினார். மற்றவற்றைப் பெருமாள் டீக்கடையில் போனை நீட்டி நீட்டிக் காட்டினார்.

“உன் பொண்ணு படிக்கப் போச்சா, ஊர் சுத்தப் போச்சாய்யா?” என்று பெருமாள் கேட்பாராம். அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மேகலா சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, பக்கத்து டேபிள் புஷ்ராவுக்குக் காட்டுவாள். புஷ்ரா ஆம்பூர்க்காரி, மேகலாவைவிடப் பத்து வயது சின்னவள்.

“இன்னாக்கா, பெத்த பொண்ணு மூஞ்சிய விட்டுட்டு ஷூவையே பெருசு பண்ணிப் பாக்கறே? பாஸா ரிஜக்டா?”

மேகலாவும் சிரித்தாள். பழக்கம், என்ன செய்வது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம். கோட்டைப் படிக்கட்டில் நிற்கிற படம் வந்தது. கடுகு மஞ்சள் சால்வை. வலது ஷூவின் மூக்கில் ஒரு சேற்றுத் துளி காய்ந்து வெளுத்திருந்தது. நசுக்கிய பட்டாணி மாதிரி, ஒரு பக்கம் வால் இழுத்திருந்தது. இதைத் துடைக்கக்கூடவா நேரமில்லை என்று நினைத்தாள். அடுத்த நொடி, இந்தத் துளியை முன்பே பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

பொங்கல் வாரத்துப் படத்தை எடுத்தாள். மணிக்கூண்டு, நீல சால்வை. அதே துளி, அதே வால். கிறிஸ்துமஸ் வாரம், சிவப்பு சால்வை, அதே துளி. நவம்பரில் வந்த ஏரிப் படத்திலும் இருந்தது. விரல் மடங்கும் இடத்தில் முடி மாதிரி ஒரே ஒரு கோடு, எல்லாவற்றிலும் அந்த ஒரே கோடு. மூன்று மாதம் நடந்த ஷூவுக்கு அங்கே நாலைந்து மடிப்பு விழுந்து, தோல் வெளுத்திருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. அந்த ஒரு நாளை மூன்று மாதமாகப் பிய்த்துப் பிய்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

சுந்தரமூர்த்தியிடம் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புஷ்ராவிடம் சொன்னாள். புஷ்ரா போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த முறை கேலி செய்யவில்லை.

“அப்ப மத்த நாளெல்லாம் இன்னா பண்றாளாம்?” என்றாள்.

மேகலா அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வியோடு ஷூக்களைத் தடவிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை, தையல் விட்டிருந்த இரண்டு ஜோடிகளைப் பாஸ் போட்டுவிட்டாள். சூப்பர்வைசர் கொண்டுவந்து டேபிளில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பொதுவாகக் கேட்டாள். சாப்பாடு, குளிர், காலேஜ். பிறகு, ஷூ நன்றாக உழைக்கிறதா என்றாள். தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன் என்றாள் பூங்குழலி. அப்படியானால் அதை ஒரு படம் எடுத்து அனுப்பு, எப்படி இருக்கிறதென்று பார்க்கிறேன் என்றாள் மேகலா. அப்புறம் அனுப்புறேம்மா என்றாள்.

படம் மூன்றாம் நாள் வந்தது. இரண்டு ஷூவும் தரையில் ஒரு காகிதத்தின் மேல் இருந்தன. கணுக்கால் வரை சேறு. காட்டிலும் மேட்டிலும் திரிந்துவிட்டு இப்போதுதான் கழற்றின மாதிரி இருந்தது. மேகலா பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினாள். சேறு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருந்தது. ஓரங்களில் விரல் இழுத்த தடம் தெரிந்தது. அந்த மெல்லிய பூச்சின் வழியாகவே, விரல் மடங்கும் இடத்தில், பழைய ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

யாரும் பார்த்துவிடாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டும்வரை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கடலைக்கொல்லைக்குப் போய், மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டாள். அங்கே காலை ஒன்பது மணி. பூங்குழலி கட்டிலில் இருந்தாள். ஜன்னல் திரை மூடியிருந்தது. முகம் வீங்கியிருந்தது.

“கொயலி, நீ வெளிய போறதே இல்ல. எனக்குத் தெரியும்.”

பூங்குழலி மறுக்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. அழுது முடித்துவிட்டுத் துண்டு துண்டாகச் சொன்னாள். அக்டோபரில் புது மாணவர்களை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அன்றைக்குத்தான் அந்த ஷூவை முதல்முறை போட்டாள். கூட வந்த பெண்களின் சால்வைகளை மாற்றி மாற்றிப் போட்டு எண்பது படம் எடுத்தார்களாம். அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதன்பிறகு வகுப்பில் ஒருநாள் எழுந்து பேசச் சொன்னார்கள். வார்த்தை வரவில்லை. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போவது இன்னும் கஷ்டமாக இருந்தது. டிசம்பரில் பரீட்சைக்கும் போகவில்லை. சமையலறையில் யாரும் இல்லை என்று தெரிந்தால் மட்டும் போய்ச் சோறு வைப்பாள்.

“கதவத் தொறந்தா எல்லாரும் பேசறது கேக்குதும்மா. எல்லாரும் நல்லவங்கதான். எனக்குத்தான் கால் வரமாட்டேங்குது.”

மேகலா தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

“அந்த ஷூவத் தொடச்சிப் போடு. போன கீழ காட்டு.”

திரையில் பூங்குழலியின் பாதங்கள் வந்தன. நடக்கச் சொன்னாள். அறைக்குள் நாலு அடி. கதவைத் திறக்கச் சொன்னாள். சாம்பல் நிறத் தரை போட்ட நீளமான நடை. படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஷூ மடங்கி நிமிர்வதை மேகலா பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கண்ணாடிக் கதவு. அதன் முன்னால் ஒரு மிதியடி. ஷூ அந்த மிதியடியில் ஏறி நின்றது. வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

வெகுநேரம் நின்றது.

“முடிலம்மா.”

“சரி, திரும்பு. இன்னிக்கி இவ்ளோ போதும்.”

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போன் போட்டாள். சில நாள் பூங்குழலி எடுக்கமாட்டாள். எடுத்தால் ஷூ படியிறங்கும். பக்கத்து இருக்கைப் பெண்கள், அம்மாவும் பெண்ணும் என்ன படம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். மார்ச் பத்தாம் தேதி கண்ணாடிக் கதவு திறந்தது. இருபதாம் தேதி டிராம் நிற்கிற இடம்வரை போனாள். டிராம் வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. ஷூ அங்கேயே நின்றிருந்தது. அதன் பக்கத்தில் வேறு பல கால்கள் வந்து நின்று ஏறிப்போயின.

மேகலா சொல்லிவிட்டாள். “வந்துடு கண்ணு. நான் அப்பாகிட்ட பேசறேன்.”

சுந்தரமூர்த்தியிடம் அன்றைக்கே சொன்னாள். அவர் சேற்றுத் துளியைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். காட்டினாள். கண்ணாடி போட்டு, நாலு படத்தையும் பார்த்தார். எனக்குக் கால் தெரியலியே, ஏரிதான் தெரிஞ்சுது என்றார். சுவரில் இருந்த படத்தைக் கழற்றவில்லை. டீ குடிப்பதை மட்டும் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்கு மாற்றிக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் பூங்குழலி ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் மேகலா அவள் பெட்டியைப் பிரித்தபோது, அடியில் புரியாத எழுத்து அச்சடித்த செய்தித்தாளில் ஷூ சுற்றியிருந்தது. எடுத்து ஜோடியாக வைத்தாள். இடதில் உண்ணி வடு. கட்டைவிரலால் தடவினாள். பழைய கோட்டுக்குமேல் இரண்டாவதாக ஒன்று விழுந்திருந்தது. கண்ணாடிக் கதவு வரைக்கும், டிராம் நிற்கிற இடம் வரைக்கும் போய்வந்ததில் விழுந்தது.

பூங்குழலி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரிஜக்ட்தானேம்மா?”

“நடந்த ஷூவ நாங்க செக் பண்றதில்ல,” என்றாள் மேகலா.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சாயங்கால வெயில் படுகிற இடத்தில், வாசலைப் பார்த்த மாதிரி வைத்தாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது.