அக்காவின் கழுத்துக் கட்டி: உறவினர்களுக்கு ஒரு விளக்கம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் வாழ்ந்ததைச் சொல்வதோடு, சாவு வீட்டில் பலர் கேட்ட ஒரு கேள்விக்கும் தம்பியாகிய நான் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பாத வருடம் அக்கா மீன்கூடையைத் தலையில் ஏற்றினார். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். கணவரையும் இளவயதிலேயே இழந்து, ஒரே மகனைத் தனியாக வளர்த்தார். அவர் கடுஞ்சொல் பேசி நான் கேட்டதில்லை, கல்பாக்கத்தில் மீன் விலை பேசும் நேரம் தவிர.

எழுபது வயதைத் தாண்டியபின் தலைசுற்றலுக்காகக் கழுத்தில் ஸ்கேன் எடுத்தபோது தைராய்டில் ஒரு கட்டி தெரிந்தது. செங்கல்பட்டில் ஊசி குத்திச் சோதித்தார்கள். புற்றுநோயாக இருக்கலாம் என்று முடிவு வந்தது.

"அறுத்து எடுத்துடுங்க மேடம்," என்றான் அக்கா மகன்.

"கட்டி சின்னதுதான். இந்த வகை பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும்; பரவின மாதிரியும் தெரியல," என்றார் மருத்துவர். "அவங்க இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. ஆபரேஷன்தான் பெரிய ஆபத்து. அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். குரல் மாறினாலோ, முழுங்கக் கஷ்டமா இருந்தாலோ உடனே வாங்க."

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "இத்த வச்சிக்கினு எப்டிம்மா நிம்மதியா இருக்கறது?"

"எனுக்கு வலிக்கல நைனா. கத்தி வேணாம், வுடு."

பிறகு எடுத்த ஸ்கேன்களில் கட்டி வளரவில்லை. ஆனால் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு வாங்கியது. கடைசி மாதங்களில் அக்கா உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். மகன் காலையில் எழுந்ததும் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பான்.

"அங்க இன்னாடா தேடற? நோவு நெஞ்சுலதான் கீது," என்பார்.

ஐப்பசி மழை பெய்த ஒரு பிற்பகலில் அக்காவின் மூச்சு அடங்கியது.

"கட்டிய அப்பவே அறுத்திருந்தா பொழச்சிருப்பா இல்ல?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். நான் பிறகு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். உயிரைப் பறித்தது இதயம், கட்டி அல்ல என்றார்.

அந்த மருத்துவருக்கும், செவிலியர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் ஆட்டோ எடுத்து வந்த அண்டை வீட்டாருக்கும், மழையில் நனைந்தபடி அக்காவைச் சுமந்து சென்ற குப்பத்தாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று மட்டும் வேண்டுகிறேன். அந்தக் கேள்வியை அக்கா மகனிடம் கேட்காதீர்கள். பதில் தெரிந்த பிறகும் அவன் தன்னையே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.