பசையில் ஒட்டிய பக்கம்

பம்புத் தொழிற்சாலையில் அவனை 'அரைமில்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். உருளை அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்று, துணி தைத்து அவனைப் படிக்க வைத்தவள் அவள்.

அந்த மாதம் நிர்வாகம் சாப்பாட்டு அறையில் ஒரு பலகை மாட்டியது. 'மனதில் பட்டதைத் தயங்காமல் எழுதுங்கள்.' முதல் கேள்வி: தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் ஏன் ஒரு பெண்கூட இல்லை?

தம்பி மெஷினின் கைப்பிடியைப் பல நாள் அளந்து பார்த்துப் பதில் எழுதினான். பிழை பார்த்தது அக்கா.

"பெரும்பாலான பெண்களுக்குன்னு வளவளன்னு இருக்குடா. சராசரிப் பெண்ணுன்னு போடு, நறுக்குன்னு இருக்கும்."

"நீ சொன்னா சரிக்கா."

தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று அவளே கொட்டை எழுத்தில் நகல் எடுத்தாள். முன்பக்கம் ஒரு வரியிலேயே நிறைந்தது: 'சராசரிப் பெண்ணின் கைப்பலம் சராசரி ஆணைவிடக் குறைவு.' இன்னொரு தாளை வீணாக்க மனமில்லாமல் பின்பக்கம் தொடர்ந்தாள்: 'குறை மெஷினில்தான். கைப்பிடியை ஒரு சாண் நீட்டினால் யாரும் ஓட்டலாம்.' குண்டூசியில் தொங்கும், புரட்டிப் படிப்பார்கள் என்று நினைத்தாள். பலகைக்குப் பொறுப்பானவர் பசை தடவி அழுத்தி ஒட்டிவிட்டார்.

மதியம் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பெண்கள் தட்டோடு வந்து அவனைச் சூழ்ந்தார்கள்.

"நாங்க சராசரியா? உன் அக்காவும் சராசரிதானா தம்பி?"

"அது கணக்கு வார்த்தைக்கா. பின்னாடி படிச்சீங்கன்னா..."

"பின்னாடி வேற எழுதியிருக்கியா!"

ஆண்கள் தோளில் தட்டியதுதான் இன்னும் மோசம். "அரைமில்லி, எங்க மனசுல இருந்ததைப் போட்டு உடைச்சிட்டியேடா!"

"நான் சொன்னது அது இல்லண்ணே." யார் காதிலும் ஏறவில்லை.

மேலாளர் சுருக்கமாக முடித்தார். "மனசுல பட்டதை எழுதச் சொன்னா, இப்படியா எழுதறது? மன்னிப்பு எழுதிக் கொடு. இல்ல, நாளையிலேருந்து வராத."

மறுநாள் பின்பக்கத்தைக் காட்டிவிடலாம் என்று அக்காவே காவலாளியிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போய்த் தாளை நகத்தால் உரித்தாள். முன்பக்கம் அப்படியே கையோடு வந்தது. பின்பக்கம் நார் நாராகப் பலகையில் நின்றுவிட்டது. ஓர் எழுத்துக்கூடத் தேறவில்லை.

கம்பிச்சுருள் சுற்றும் பெண்களில் மூத்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வார்த்தை என்னோடதும்மா. அவன் மேல தப்பில்ல," என்றாள் அக்கா.

"யாரோடதா இருந்தா என்ன? பிரஸ்ல போடுங்கன்னு மூணு தடவை மனு குடுத்தவ நான். இனிமே எந்த முகத்தோட கேக்கறது? பலமில்லன்னு ஊரே படிச்சிருச்சு."

உரித்த தாளை நாலாக மடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

மன்னிப்புக் கடிதத்தையும் அவள்தான் நகல் எடுத்தாள். இந்த முறை ஒரே பக்கம். தம்பி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

ஒரு வாரம் கழித்து, அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். உள்ளே யாரோ குரல் கொடுத்தார்கள்: "டேய் சராசரி, உன் அக்கா வந்திருக்கு!"

அவன் திரும்பிப் பார்த்தான்.