கரையில் விட்ட நங்கூரம்

மாமா படகு வாங்கியபோது எங்கள் சொந்தபந்தத்தில் படகைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் மாமா யோசனை கேட்டார்.

அந்த ஒருவர் என் அப்பா. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, இருபது வயதுவரை மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்தவர். பிறகு வேலை தேடித் திருப்பூருக்கு வந்து வீரபாண்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். அந்தப் பட்டறைக்கு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே படிக்க வந்த பெண்தான் என் அம்மா. தோட்டமும் பனியன் கம்பெனியும் வைத்திருந்த குடும்பத்துப் பெண். கல்யாணம் எப்படி நடந்தது என்பதை இருவரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் அதற்கப்புறம் அம்மா வீட்டில் யாரும் அம்மாவோடு பேசவில்லை. ஒன்பது வயதுவரை எனக்கு ஒரு மாமா இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மாமாவே காரில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா டம்ளர்கள் போதாதென்று பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அதிலிருந்து மாதம் ஒரு முறை மாமா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினோம். போகும்போதெல்லாம் அம்மா நல்ல சேலை கட்டிக்கொள்வாள். அப்பா சட்டையை இரண்டு முறை தேய்ப்பார்.

சாமளாபுரம் பக்கம் ஒரு குளத்தை ஒட்டி மாமாவுக்குத் தோட்டம் இருந்தது. அந்த வருஷம் நொய்யலில் நல்ல தண்ணீர் வந்து குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் வழிந்து ஓடியது. அதே சமயத்தில் மாமா குடும்பத்தோடு கேரளா போய்ப் படகுவீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். அவ்வளவுதான். அடுத்த மாதமே வெள்ளை ஃபைபர் படகு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. ஆறு பேர் உட்காரலாம். பின்னால் சின்ன மோட்டார். நங்கூரம் மட்டும் தனியாக வாங்கவேண்டுமாம்.

அந்த நங்கூரத்துக்காக மாமா மூன்று வாரம் அலைந்தார். கம்பெனியில் கட்டிங் மாஸ்டரைக் கேட்டார். நூல் ஏஜென்டைக் கேட்டார். காருக்கு சீட் கவர் தைக்கும் கடைக்காரரைக்கூடக் கேட்டார். போனில் வீடியோவாகப் பார்த்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தபோது, பளபளவென்று மின்னும் ஒன்றை வெல்வெட் பையிலிருந்து எடுத்தார். நாலு கொம்பு. குடையை மடக்குவதுபோல் மடக்கலாம், விரிக்கலாம். மாமா நாலைந்து தடவை மடக்கி விரித்துக் காட்டினார். வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தடவை மடக்கிப் பார்த்தார்கள்.

கடைசியாக அது அப்பாவின் கைக்கு வந்தது. அவர் மடக்கவில்லை. எடையைப் பார்த்துவிட்டு, "மச்சான், குளத்துல அடி என்ன? பாறையா, சேறா?" என்று கேட்டார்.

"குளத்துல என்னுங்க இருக்கும்? தண்ணிதான் இருக்கும்," என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். இது பாறை இடுக்கில் மாட்டி நிற்கிற சாதி. சேற்றில் போட்டால் தயிரில் சீப்பை இழுத்தமாதிரி வந்துகொண்டே இருக்கும். சேற்றுக்கு அகலமான ரெண்டு தகடு வேண்டும், இழுக்க இழுக்க உள்ளே புதைய வேண்டும். முன்னால் கொஞ்சம் சங்கிலி வேண்டும். கயிறு தண்ணீரின் ஆழத்தைப்போல அஞ்சு மடங்காவது வேண்டும், நேர்குத்தாக இழுத்தால் எந்த நங்கூரமும் பிடுங்கிக்கொள்ளும்.

மாமா பொறுமையாகக் கேட்டார். எங்கள் ஊர் மரியாதையில் ஒரு வசதி உண்டு. ஒருவரைக் காலில் போட்டு மிதிக்கும்போதும் 'ங்க' போட்டே மிதிக்கலாம்.

"ஏனுங் மாப்ள, கடலு அத்தன நல்லாத் தெரிஞ்சிருந்தும் அங்க பொழைக்க முடியாமத்தானுங்களே இங்க வந்தீங்க?"

இந்த முறை சிரிப்பு இன்னும் சத்தமாக வந்தது. மாமாவின் தட்டில் இருந்த முறுக்கை எல்லாம் அள்ளித் தரையில் போடவேண்டும்போல் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பளபளப்பை மடக்கி, வெல்வெட் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அப்பா பட்டறையில் தனியாக வேலை செய்தார். கனமான இரும்புத் தகடு இரண்டை மண்வெட்டி அகலத்துக்கு வெட்டி, நடுத்தண்டில் அசைகிற மாதிரி கோத்து, ஆள் உயரத்துக்குச் சங்கிலி இணைத்தார். புதிதாக நீளக் கயிறு வாங்கிக் கட்டினார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது, "அந்த மாமாவுக்கு எதுக்குங்கப்பா செய்யறீங்க?" என்று கத்தினேன்.

"அவருக்கு இல்ல. அந்தப் படகுல நீயும்லா ஏறுவ," என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சண்டை போடத் தெரியாதவர் சொல்கிற பதிலாகத்தான் பட்டது.

ஆடிப் பதினெட்டு அன்று படகை முதன்முதலாகத் தண்ணீரில் விட்டார்கள். பந்தாவுக்குக் குறைவில்லை. படகுக்கு மாலை, குங்குமம், எலுமிச்சம்பழம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குகளில் தயாராக இருந்தன. நடுக்குளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாகத் திட்டம். அப்பா தன் நங்கூரத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

மாமா சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "இத எங்கீங்க மாப்ள வெக்கிறது? ஃபைபரு கீறிப்போகுமுங்க. போட்டோவுல வேற உளுகும்."

"அடியில போட்டுக்கிடலாம் மச்சான். சாக்கோடயே கெடக்கட்டும்."

"அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாமுங்க. நீங்களும் அடுத்த ரவுண்டுல வாங்க."

அப்படித்தான் அந்த நங்கூரமும் அப்பாவும் கரையில் நின்றார்கள். அத்தைக்குத் தண்ணீர் என்றால் பயம், அவளும் கரையில் நின்று போனில் வீடியோ எடுத்தாள். படகில் மாமா, அம்மா, நான், மாமாவின் ஆறு வயது மகன். மிதவைச் சட்டைகள் இரண்டுதான் இருந்தன. ஒன்றைப் பையனுக்குப் போட்டார்கள். இன்னொன்றை மாமா போட்டுக்கொண்டார். ஆரஞ்சு நிறம் அவருக்கு எடுப்பாக இருந்தது.

ஆடிக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்றில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் துணி நிற்காது. நடுக்குளத்தில் மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு, வெல்வெட் பையிலிருந்து நங்கூரத்தை எடுத்து, கரையில் இருந்த போனைப் பார்த்துச் சிரித்து, தண்ணீருக்குள் விட்டார். கயிறு நேர்குத்தாக இறங்கி முடிந்துபோனது. "பாத்துக்க சாமி, இனி அசையாது," என்று என்னிடம் சொன்னார்.

அம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள். குளத்து நடுவில் பட்டுப்போன கருவேல மரம் ஒன்று நின்றது. அதில் நீர்க்காக்கைகள் உட்கார்ந்திருந்தன. நான் முதல் வாய் சாப்பிடும்போது மரம் எங்களுக்கு முன்னால் இருந்தது. நாலாவது வாய்க்குப் பக்கவாட்டில் வந்துவிட்டது.

"மாமா, மரம் நகருது."

"மரம் எப்படிக் கண்ணு நகரும்?"

அப்போது கரையைப் பார்த்தேன். அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார். ஏதோ கத்தினார். காற்றில் கேட்கவில்லை. மாமாவும் பார்த்தார். "பாரு, உங்கப்பனுக்கு எத்தன சந்தோசம்!" என்று தானும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அந்தக் கையாட்டல்.

அப்பா குனிந்து எதையோ தோளில் தூக்கிக்கொண்டு குளத்துக் கரைமேல் ஓடத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா திரும்பினாள். கலிங்கு எங்களுக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் ஒரே சீராக வழிந்து, அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே பாறைகள்மேல் விழுகிற இரைச்சல் அப்போதுதான் எங்கள் காதில் ஏறியது. "அண்ணா, மோட்டார போடுண்ணா!" என்று கத்தினாள்.

மாமா மோட்டார்க் கயிற்றைச் சுண்டினார். மோட்டார் உறுமி, ஆகாயத்தாமரைக் கொடியைச் சுற்றிக்கொண்டு நின்றது. மறுபடி சுண்டினார். பிறகு நங்கூரக் கயிற்றை இழுத்தார். அது கையோடு வந்தது. நாலு கொம்பிலும் கருப்பாகச் சேறு வழிந்தது, அவ்வளவுதான். அதையே மறுபடி போட்டார். மறுபடி வந்தது. பையன் வீரிட்டு அழுதான். மாமா வாய்க்குள் சாமி பேர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என் இடுப்பைத் தன் முந்தானையால் சுற்றித் தன்னோடு முடிந்துகொண்டாள்.

அப்பா எங்களுக்குக் காற்று வருகிற பக்கமாகக் கரையிலிருந்து இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று நங்கூரத்தைப் போட்டு, தகடுகள்மேல் ஏறி மிதித்தார். கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தி வந்தார். அப்பா நீந்தி நான் அதுவரை பார்த்ததில்லை. காற்று ஒரு பக்கம் எங்களைத் தள்ள, அவர் தலை மட்டும் அலையில் தெரிந்தும் மறைந்தும் வந்தது. படகை எட்டிப் பிடித்து, முன்வளையத்தில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டார்.

கயிறு விறைத்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பி நின்றது. நின்றேவிட்டது. கலிங்குச் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு படகு நிற்கிற இடம்தான் இருந்தது.

அந்தக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து அப்பா எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தார். சேற்றிலிருந்து நங்கூரத்தைப் பிடுங்க அவருக்குக் கால்மணி நேரம் ஆனது.

மத்தியானத்துக்கு மேல் தோட்டத்து வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். மாமா அதற்குள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கதை சொன்னார். மோட்டார் சரியில்லை, விற்றவன் ஏமாற்றிவிட்டான். நல்லவேளை, முன்யோசனையாகத் தான்தான் மாப்பிள்ளையிடம் சொல்லி இன்னொரு நங்கூரம் செய்யவைத்துக் கரையில் தயாராக வைத்திருந்தாராம். படகில் இருந்தபடியே கையை ஆட்டிச் சைகை காட்டினாராம். "மாப்ளயும் சொன்னபடி கரெக்டா கொண்டாந்துட்டாரு. என்னுங் மாப்ள?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். தலை இன்னும் காயாமல் சுவரோரம் நின்றிருந்த அப்பா, "ஆமா, மச்சான்தான் சொன்னாவ," என்றார்.

"பொய்!" என்று கத்தினேன். "மாமா பொய் சொல்றாரு! அப்பாவும் பொய் சொல்றாரு!"

கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தது அம்மா. அப்பா என் பக்கத்தில் வந்து, "மாமாட்ட மன்னிப்பு கேளு ஏட்டி," என்றார்.

கேட்டேன். அதற்குப் பிறகு தீபாவளி வரைக்கும் அப்பாவோடு நான் பேசவில்லை. பள்ளிக்கூட ரேங்க் கார்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். அவர் கையெழுத்துப் போட்டு என் பைக்குள் வைத்திருப்பார். வாங்கிவந்த பப்ஸை அம்மாவிடம் கொடுத்துத்தான் எனக்குக் கொடுப்பார். கோழை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அவர் கண்ணில் படட்டும் என்றே மேசைமேல் விரித்து வைத்தேன். மறுநாள் நோட்டு மூடியிருந்தது. மாமாவோ, அந்த நங்கூரத்துக்கு நீலப் பெயின்ட் அடித்து, 'நான் ஆர்டர் குடுத்துச் செஞ்சது' என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீர் பற்றிப் பேச்சு வந்தபோது, அந்த ஆள் கையால் எனக்கு மாலை வேண்டாம் என்றேன். அத்தனை வருஷக் கோபமும் அன்று வாயில் வந்தது. கலிங்கு, கையாட்டல், பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு முதுகெலும்பே இல்லை என்றும் சொன்னேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாத. கரையில எறங்குனதும் நாந்தான் கேட்டேன். அண்ணன யாரு முன்னாடியும் உட்டுக்குடுத்துப் போடாதீங்க, பத்து வருசம் கழிச்சு இப்பத்தான் பொறந்த ஊட்டு வாசப்படி ஏறியிருக்கறேன், மறுக்கா மூடிப்போடுவாங்கன்னு கால்ல உளுகாத கொறையாக் கேட்டேன்."

"அப்பறம் ஏம்மா என்னைய அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அப்பா பட்டறையில் இருந்தார். நேராக அங்கே போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா சொல்லித்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்கப்பா? மூணு மாசம் உங்ககூடப் பேசாம இருந்தேனே!"

"சொல்லியிருந்தா நீ ஒங்க அம்மாகிட்டல்லா பேசாம இருந்துருப்ப," என்றார்.