மேவிஸ் அடித்த ஆணி

மேவிஸ் ரெயிஸ்ட்ரிக்குக்கு அறுபத்து மூன்று வயது. யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் நான்கு பிள்ளை பெற்று வளர்த்தவள். பத்தொன்பது வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல் சந்தைக்குப் போனது ஒரே ஒரு இரட்டை மாடி பஸ்ஸில்தான். அந்த பஸ் இப்போது அவளோடு வளர்ந்த ஆல்ஃபின் பண்ணையில் கோழிக்கூண்டாக நிற்கிறது. திங்கட்கிழமை அதை உடைக்க எடுத்துப்போகக் காயலான் கடை லாரி வருகிறது.

மேவிஸ் கூப்பிட்டதால், பழைய பஸ்களைக் காப்பாற்றும் சங்கத்தின் தலைவர் பிக்கர்ஸ்கில் சனிக்கிழமையே வந்து குனிந்து, சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், இருந்த எண் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். கையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார்.

"இது டவுன்ல ஓடின வண்டிம்மா. உங்க ரூட்டு வண்டியை அறுபத்தாறுலயே உடைச்சாச்சு. இதை நாங்க எடுக்க முடியாது."

"உடைச்சது சேசிஸை. பாடியைத் தூக்கி இது மேல வெச்சாங்க. டிப்போவுல சங்கிலி புடிச்சதே என் வீட்டுக்காரர்தான்."

"அதுக்கு ரெக்கார்டு இல்லையே."

"உங்க ரெக்கார்டு சக்கரத்தைத்தான் பாக்குது. நாங்க என்ன சக்கரத்துலயா உக்காந்து போனோம்?"

அந்த ரூட்டில் ரயில் பாலம் தாழ்வு என்பதால் அந்த வண்டியும் குள்ளம். மாடியில் நடக்கும் வழியைப் பள்ளமாக்கி இருந்தார்கள். அந்தப் பள்ளம் கீழே வலப்பக்கச் சீட்டுக்காரர்களின் தலைக்கு மேல் பெட்டி மாதிரித் துருத்தி நிற்கும். எழுந்தால் நங்கென்று இடிக்கும். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு தடவை இடித்துக்கொண்ட மேவிஸ், மறு வாரம் வீட்டுக் கம்பளத்தில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து அங்கே ஆணியடித்தாள். கண்டக்டர் கத்தினார். அவள் அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இப்போது கோழிகளை விரட்டிவிட்டு உள்ளே ஏறி, பேனாக்கத்தியால் அந்தப் பெட்டியின் பெயிண்டைச் சுரண்டினாள். ஆறு ஆணி. ஒன்றில் சிவப்புக் கம்பள நூல்.

பிக்கர்ஸ்கில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை கமிட்டியில வெச்சுப் பேசறேன்."

"லாரி திங்கக்கிழமை வருதுங்க."

அவர் பதிவேட்டை மூடினார். காரேறிப் போய்விட்டார்.

திங்கள் காலை மேவிஸ் ஃபிளாஸ்க்கும் சீஸ் சான்ட்விச்சும் எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்கும்மா, எனக்கு வேலை கெடக்கு" என்றான் லாரிக்காரன்.

"எனக்கு இன்னிக்கு ஒரு வேலையும் இல்ல."

ஆல்ஃப் தலையைச் சொறிந்தான். "அவ இறங்க மாட்டாப்பா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." போய் பிக்கர்ஸ்கில்லுக்குப் போன் போட்டான்.

பிக்கர்ஸ்கில் பதினோரு மணிக்கு மூச்சிரைக்க வந்தார். பஸ்ஸைச் சுற்றிக் கயிறு, சீட்டில் மேவிஸ், வாசலில் மூன்று கோழி. பெருமூச்சு விட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"உங்க ரூட்டு வண்டி உடைக்கப்பட்டதுன்னு இருக்கிறதைக் கோடு போட்டு அடிச்சிட்டு, வண்டியைச் சங்கத்துக்கு எடுத்துக்கறேன். போதுமா?"

"பென்சில் வேண்டாம், பேனாவால அடிங்க" என்றாள் மேவிஸ். அவர் அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.