வீட்டுக்குள் இருந்த பின் சீட்

நசீம் பானுவைப் பற்றிச் சொல்வதென்றால் பூண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். திண்டுக்கல் பேகம்பூரில் அவள் வீட்டைத் தேடுகிறவர்கள் கதவு எண்ணைக் கேட்பதில்லை. தெருமுனையில் நின்று மூக்கை நம்பினால் போதும். ஊரிலுள்ள பிரியாணிக் கடைக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு ரகசியம் வைத்திருப்பதாகப் பீற்றிக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேருடைய இஞ்சி பூண்டு விழுது ஒரே வீட்டில் அரைபட்டு, ஒரே ஆம்னி வேனில் போகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. நசீமும் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

அரைப்பது அவள், கொண்டுபோய்ச் சேர்ப்பது கணவர் சௌகத் அலி என்றுதான் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. எதிரே வருவது பஸ்ஸா புளியமரமா என்பது கிட்டே போனால்தான் தெரியும் என்கிற நிலைமை. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். சம்பளத்துக்கு வைத்த டிரைவரோ, பழனிக்குச் சவாரி கிடைத்தால் டிரம்மை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். வேன் நின்றது. வேன் நின்றால் அரைத்த விழுதை யார் வாங்குவார்கள்? வண்டியை வித்துவிட்டு ஓய்ந்து உட்காரலாம் என்றார் சௌகத் அலி.

"நான் ஓட்டுறேங்க," என்றாள் நசீம்.

அவருக்குச் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. சைக்கிள்கூட ஓட்டியறியாதவள். உயரமும் கம்மி. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த வாரமே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

ஸ்கூல் காரில் போன முதல் டெஸ்ட்டில் தோற்றாள். காரின் மூக்கு அவளுக்கு ரோட்டையே மறைத்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நட்டுவைத்த கம்பைச் சாய்த்துவிட்டாள்.

"அடுத்த தடவை நம்ம வண்டியிலயே ஓட்டிக் காட்டுறேன். அதுக்கு மூக்கே இல்ல. ரோடு காலடியில தெரியுது."

"சரி. அதுலயும் போச்சுன்னா சேவுகம்பட்டி வேலுசாமிக்கு வண்டியக் குடுத்துருவேன். பெறகு பேச்சு மாறக்கூடாது."

வேலுசாமி மல்லிகைத் தோட்டக்காரர். பூ மூட்டை ஏற்ற அந்த வேன்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். நசீம் சம்மதித்தாள். வேன் போனால் தொழில் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்ட்டுக்குச் சொந்த வண்டி கொண்டுபோவதென்றால் சும்மா இல்லை. ஓட்டுகிறவரைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்ப்பார்கள். நின்றுகிடந்த மாதங்களில் இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. அவளே போய்ப் புதுப்பித்தாள். பெட்ரோல் பங்கில் புகைச் சோதனை செய்து சான்றிதழ் வாங்கினாள். சௌகத் அலியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். விழுது நைந்துவிட்டதா என்று விரலிடையில் தேய்த்துப் பார்ப்பாளே, அதே மாதிரி டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஒன்றை மாற்றச் சொன்னாள். அவ்வளவு வருஷம் ஓட்டிய மனுஷருக்கு அந்த டயர் தேய்ந்ததே தெரியாது. முந்தின நாள் கூடத்து சோபாவில் காகிதங்களைப் பரப்பிவைத்து, கணவனும் மனைவியும் அதே சோபாவில் உட்கார்ந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

லாரி ஓட்டும் தம்பி சனாவுல்லா பக்கத்தில் உட்கார, 'எல்' போர்டு கட்டிய வேனை நசீமே ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்கு ஓட்டிவந்தாள். சௌகத் அலி ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். ஆய்வாளர் இன்சூரன்ஸைப் பார்த்தார், புகைச் சான்றிதழைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார். ஹார்னை அடிக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே ஒரு ரப்பர் பாய் மட்டும் விரித்துக் கிடந்தது.

"அஞ்சு சீட்டுன்னு ஆர்.சி.ல இருக்கு. பின் சீட்டு எங்கம்மா?"

"வீட்ல இருக்கு சார்."

"வீட்ல என்ன பண்ணுது?"

நசீமுக்குப் பொய் வராது. "அதுலதான் சார் எல்லாரும் உக்கார்றோம்."

உண்மையும் அதுதான். வேன் வாங்கிய மறுநாளே டிரம் வைக்க இடம் வேண்டுமென்று சௌகத் அலி பின் சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டார். நசீம் அதற்குக் குஞ்சம் வைத்த உறை தைத்தாள். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் அது சோபாவாகவே ஆகிவிட்டது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டே வண்டியில் என்ன குறை என்று தேடியிருக்கிறார்கள்!

ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஆர்.சி.ல எப்படி இருக்கோ வண்டியும் அப்படி இருக்கணும்மா. மத்தியானத்துக்குள்ள மாட்டிக்கிட்டு வந்தா பாக்குறேன். இல்லன்னா இன்னைக்கு இல்ல."

சௌகத் அலிக்கு மனம் விட்டுப்போனது. அம்புட்டுத்தான், முடிந்தது என்றே நினைத்தார். நசீமோ அதற்குள் வேனில் ஏறியிருந்தாள்.

முன்னால் வேனும் பின்னால் அவருடைய ஆட்டோவுமாக வீட்டுக்கு வந்தால், அந்த சீட்டில் வேலுசாமி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் நாளன்று வந்தால் முடிவு தெரிந்துவிடும் என்று அவரை வரச் சொன்னதே சௌகத் அலிதான்.

"வாங்க பாய், என்னாச்சு?"

"அண்ணே, செத்த எந்திரிங்க," என்றாள் நசீம். "வண்டிக்குச் சீட்டு வேணும்."

வேலுசாமி டம்ளரோடு எழுந்தார். உறையை உருவிய வேகத்தில் குஞ்சம் அறுந்து சிதறியது. சனாவுல்லா ஒரு முனையைத் தூக்க, மறுமுனையை, என்ன ஏது என்று புரியாமலே, வேனை வாங்க வந்த வேலுசாமி தூக்கினார்.

"போல்ட்டு எங்க மச்சான்?" என்று கேட்டான் சனாவுல்லா.

சௌகத் அலி அலமாரியைத் துழாவினார். கழற்றிய அன்றே எங்கே போட்டாரோ! நசீம் அடுப்படிக்குள் போய், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றோடு வந்தாள். அந்த போல்ட்டுகள் அத்தனையும் தேங்காய் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இத எதுக்கு நசீம் வச்சிருந்த?"

"நீங்க கழட்டுனீங்க. என்னைக்காச்சும் மாட்ட வேண்டியிருக்கும்ல?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேனுக்குள் மண்டியிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொன்றாக அவளே முறுக்கினாள். சனாவுல்லா கைகொடுக்கப் போனபோது, "நீ ஆட்டிப் பாத்துச் சொல்லு, போதும்," என்றாள். சௌகத் அலி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே வீட்டில் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறோம், இவள் யாரென்று தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று பட்டது.

வேன் மைதானத்துக்குத் திரும்பியபோது நண்பகல் தாண்டவில்லை. சௌகத் அலி ஆட்டோவில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். ஆய்வாளர் பின் சீட்டை அசைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. நசீமுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததுமே பூண்டு வாடையில் தும்மினார்.

சௌகத் அலி வேப்பமர நிழலில் நின்றார். அவர் கண்ணுக்கு வேன் ஒரு வெள்ளைக் கறையாகத்தான் தெரிந்தது. அதனால் காதைத் தீட்டிக்கொண்டார். எஞ்சின் உயிர்பெற்றது. முதல் கியரில் ஒரு கரகரப்பு வரும். அது அந்த வேனின் பிறவிக் குணம் என்றே அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். கரகரப்பு வரவில்லை. இரண்டாவது கியர் விழுந்ததே கேட்கவில்லை. வளைவில் எஞ்சின் திணறவில்லை. வண்டியைப் பின்னால் எடுக்க அவள் கியரை மாற்றினாள். கம்பு சாய்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தமே இல்லை. அந்த எஞ்சின் அவர் கையில் ஒருநாளும் இப்படி அமைதியாக ஓடியதில்லை. யா அல்லாஹ், குறை வண்டியில் இல்லை, கிளட்சை மிதித்த என் காலில் இருந்திருக்கிறது என்று நினைத்தார். அதில் வருத்தம் துளியும் இல்லை. பெரிய மழை வருவதைப் பார்த்து நிற்கிறவனுக்கு வாய் அடைத்துப்போகுமே, அப்படி நின்றார்.

வேன் நின்றது. ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "பாஸ்மா. லைசென்ஸ் தபால்ல வரும். அதுவரைக்கும் பக்கத்துல தம்பிய வச்சுக்கிட்டு ஓட்டுங்க."

வேலுசாமியும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்தார். "பாய், நான் வேற வண்டி பாத்துக்கிறேன்," என்றார். "இதக் கேக்க இனி எனக்கு வாய் வராது."

முன்னால் நசீமும் சனாவுல்லாவும் ஏறினார்கள். சௌகத் அலி பழக்கத்தில் டிரைவர் பக்கம் நடந்துபோய்க் கதவைத் தொட்டுவிட்டு நின்றார். பிறகு சுற்றிவந்து பக்கக் கதவை இழுத்தார். குஞ்சமும் உறையும் இல்லாத அந்த சீட்டில், அது இருக்க வேண்டிய இடத்தில், முதல் தடவையாக உட்கார்ந்தார். பக்கத்தில் வேலுசாமி உட்கார்ந்தார்.

"கதவச் சாத்திட்டீங்களா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள் நசீம்.

"சாத்திட்டேன்," என்றார் சௌகத் அலி. "நீ போம்மா."