மேரிக்குப் பௌடர்

எல்லாவற்றைப் பற்றியும் ராஜாங்கத்துக்கு ஒரு கருத்து இருந்தாக வேண்டும் என்று புதுச்சேரி நெல்லித்தோப்பு முடிவுகட்டி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவரை யாரும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யவில்லை.

ஆரம்பம் சின்ன விஷயம்தான். முழங்கால் கெட்டு மில் வேலையை விட்டவர், பொழுது போகாமல் கண்ணையனின் வாடகை சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்தார். எந்தச் சைக்கிளை யார் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று குறிக்க அங்கே ஒரு கரும்பலகை உண்டு. அதன் பின்பக்கம் சும்மா கிடந்தது. 1970-இல் ஒரு நாள் அதில் சாக்பீஸால் எழுதினார்: “கொசுவலை வாங்கினேன். வெளியே நூறு கொசு, உள்ளே ஒன்று. அந்த ஒன்றுதான் தூங்கவிடவில்லை.” கண்ணையன் படித்துச் சிரித்து, பலகையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தான். அன்றோடு ராஜாங்கத்தின் நிம்மதி போயிற்று.

ஊரில் எது நடந்தாலும் மறுநாள் காலை பலகைக்கு வந்தாக வேண்டும். கடற்கரைக்கு ஒரு நடிகர் படப்பிடிப்புக்கு வந்தபோது எழுதினார்: “அவருக்கும் நம்மைப் போலத்தான் வேர்க்கிறது. துடைக்க ஆள் இருப்பதுதான் வித்தியாசம்.” சரித்திரத்தையும் விடவில்லை: “இங்கிலீஷ்காரன் இந்த ஊரைத் திரும்பத் திரும்பப் பிடித்தான், திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே வந்து பார்த்திருப்பான்.” ஒரு சாவு வீட்டில் பாடையைத் தூக்கும்போது பக்கத்தில் தோள் கொடுத்த வேம்பு காதோரம் கேட்டான், “நாளைக்குப் பலகையில என்னண்ணே?”

ராஜாங்கத்துக்கு அலுத்துவிட்டது. மழை பெய்தால் முன்பெல்லாம் நனைவார். இப்போது மழையைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நனைந்தார். மனைவி செல்வாம்பாளிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது, “நாளையிலேர்ந்து எழுதப் போறதில்ல” என்பார். “எழுதுனாலும் ஊரு திருந்தல, எழுதலன்னாலும் நிக்காது. பேசாம படுங்க” என்பாள் அவள்.

ஆனாலும் விடாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பெயர் ஜோசெத்.

ஞானஸ்நானப் பெயர் மரி ஜோசெத். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்துப்போன ஒருவரின் விதவை. மகன் எமீல் பிரான்சில், துலோனில் வேலையாக இருந்தான். ஜோசெத் என்பது தெருவின் வாய்க்குள் நுழையவில்லை. மரியைப் பிடித்து மேரியம்மா ஆக்கிக்கொண்டார்கள். தினம் காலைப் பூசை முடிந்து திரும்பும்போது குடையை ஊன்றிக்கொண்டு பலகை முன் நிற்பாள். படிப்பாள். “ம்க்கும்” என்று மூக்கால் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். கடைக்குள் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ராஜாங்கம் அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் எழுதினார். தெருவே விழுந்து விழுந்து சிரித்து அவள் சும்மா போய்விட்டால், அன்றைக்கு எழுதியது அவர் கணக்கில் சேராது.

1979 ஜூலையில் ஒரு நாள் அவர் கடற்கரைப் பக்கம் போனார். அங்கே மேரிக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் சொல் போகவில்லை. புதுச்சேரியில் மேயருக்கு மேர், நகராட்சிக் கட்டடத்துக்கு மேரி என்றுதான் பேர். மறுநாள் காலை பலகையில் எழுதினார்: “மேரிக்குப் பௌடர் பூசியாகிவிட்டது. வயசு மட்டும் அப்படியே நிற்கிறது.” எழுதிவிட்டு, ரேஷனில் சர்க்கரை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

மதியம் திரும்பியபோது தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு ஆதிலட்சுமி மடக்கினாள்.

“ஏண்ணே, தனியா இருக்கற பொம்பளையப் போயி இப்பிடி எழுதலாமா?”

“எந்தப் பொம்பள?”

“மேரியம்மாதான். புள்ள ஆறு வருசம் கழிச்சு வருதுன்னு பத்து நாளா மூஞ்சில லேசா பூசிக்குது. அது ஒங்களுக்குப் பொறுக்கலியா?”

அந்தப் பௌடரை ராஜாங்கம் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷமாக அவள் மூக்குச் சத்தத்தைக் கேட்டாரே தவிர, மூஞ்சியைப் பார்த்தவரில்லை.

மறுநாள் திருத்தம் போட்டார்: “நேற்று எழுதிய மேரி நம் தெரு மேரி அல்ல. கடற்கரை மேரி.”

அன்று ஜோசெத் எதிர்ப்பக்கமாகப் போனாள். குடை சாய்ந்திருந்தது. சாயங்காலம் வேம்பு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான், “கடற்கரை மேரின்றது யாருண்ணே? அண்ணிக்குத் தெரியுமா?” அண்ணிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. செல்வாம்பாள் வெறும் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இன்னும் தெளிவாக எழுதினார்: “மேரி என்பது பெண் அல்ல. நூறு வருஷத்துக் கட்டடம்.”

பாவம் அந்தம்மாவைக் கட்டடம் என்று எழுதிவிட்டார் என்று தெரு பேசிக்கொண்டது. ஜோசெத் அன்றும் எதிர்ப்பக்கம்தான்.

நான்காம் நாள் பலகையைத் தொடாமல் முழங்காலை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார்.

“வாங்க முசே ராஜாங்கம். உக்காருங்க. முழங்கால் எப்பிடி இருக்குது?” என்றாள் ஜோசெத். முகம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. பௌடர் இல்லை.

“மதாம், நான் எழுதுனது அந்த மேரி. வெள்ளையடிச்சாங்களே, அது...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான் கல்யாணம் பண்ணிக்கிட்டதே அங்கதான். மேர் தொர முன்னாடி நின்னு கையெழுத்துப் போட்டவ. எனக்கே மேரின்னா என்னன்னு சொல்லித் தரீங்களா? மொத நாளே படிச்சேன். ரோட்டுலயே நின்னு சிரிச்சேன். கண்ணையனக் கேளுங்க. நீங்கதான் இல்ல.”

ராஜாங்கம் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

“அப்புறம் நீங்க வெளக்கம் எழுதுனீங்க. அதுவரைக்கும் நாலு பேருக்குத்தான் அப்பிடித் தோணியிருக்கும். நம்ம தெரு மேரி அல்லன்னு எழுதுன பெறகு தெருவே என் மூஞ்சிய உத்துப் பாத்துது. பூசியிருக்கேனா இல்லியான்னு.” புடவைத் தலைப்பால் ஸ்டூலைத் துடைத்தாள். “எமீல் நாளன்னிக்கு வரான். நாளைக்கும் எதனா வெளக்கம் இருக்குதா?”

“இல்ல மதாம்.”

“மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

திரும்பி வந்து கண்ணையனிடம் கேட்டார், “அந்தம்மா சிரிச்சத ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கலியே. நான் பஞ்சர் ஒட்டுவனா, யாரு சிரிச்சாங்கன்னு குறிச்சு வெப்பனா?” என்றான் கண்ணையன்.

மறுநாள் விடிந்ததும் ராஜாங்கம் ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. அதுவும் ஒரு விளக்கம்தான். வேறு எதையாவது எழுதலாம் என்றால் ஒன்றும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் எழுதத் தக்கதாக இல்லை. அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். வேம்பு வந்து பார்த்து, “என்னண்ணே, ஒண்ணுமில்லியா?” என்று ஏமாந்து போனான். இன்னும் இரண்டு பேர் பலகையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அங்கே ஏழாம் நம்பர் சைக்கிள் ஆறு மணிக்கு வெளியே போனது மட்டும் இருந்தது.

பூசை முடிந்து ஜோசெத் வந்தாள். இந்தப் பக்கமாகத்தான். குடையை ஊன்றி நின்று, காய்ந்தும் காயாத வெறும் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள்.

“இன்னிக்குத்தான் முசே, தப்பில்லாம எழுதியிருக்கீங்க” என்று கடைக்குள் பார்த்துச் சொன்னாள். “ம்க்கும்.”

குடையின் தட்டல் தெருமுனையில் ஓயும்வரை ராஜாங்கம் தலை நிமிரவில்லை.

“அண்ணே, அந்தம்மா இன்னிக்குப் பூசியிருந்துச்சா?” என்றான் கண்ணையன்.

“நான் பாக்கல” என்றார் ராஜாங்கம். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார்.