அரிதட்டில் கழுவிய தோட்டாக் கோதுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பும் என் கணவர் அந்த அரிதட்டை எடுத்திருந்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இல்லை என்கிறார். ஆனால் கம்பி வலையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு, ஒரு நாளில் படிந்தது போல இல்லை. எங்கள் கைக்குழந்தையின் கூழுக்கு நான் குரக்கன் மா அரித்து வந்தது அதில்தான்.

லா ஷப்பலில் ஓர் அறையும் குசினியும்தான் எங்கள் வீடு. கணவர் உணவகமொன்றில் சமைக்கிறார். கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் அவரைத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்த்துவிட்டார். லிசான்ஸ் என்ற உரிமத்தை முறைப்படி எடுத்தார், துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார். என்னால் குறை சொல்ல முடியவில்லை. பிறகு, சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மருந்தும் குண்டும் திரும்ப நிரப்பப் போவதாகச் சொன்னார். யாரோ பாவித்த கைநெம்புப் பொறி ஒன்று, சின்னத் தராசு, வழிகாட்டிப் புத்தகம், இவ்வளவுதான் முதல். வேறு இடம் இல்லாததால் பொறியைச் சாப்பாட்டு மேசை விளிம்பில் இறுக்கினார். நெம்பை இழுத்தால் கோதின் அடியிலிருந்து எரிந்த சின்ன மூடி கழன்று விழும், கூடவே கரித்தூளும் கொட்டும். மேசையைத் துடைத்த துணியைக் குழந்தைத் துணிகளோடு போடலாமா என்று யோசித்துவிட்டு எறிந்துவிடுவேன்.

அந்த ஞாயிறு குழந்தையோடு சலவைக் கடையிலிருந்து திரும்பினேன். குசினித் தொட்டியில் என் எவர்சில்வர் சட்டி நிறையப் பழப்புளிக் கரைசல். அது பச்சையும் கறுப்புமாகக் கலங்கியிருந்தது. எரிந்த தீக்குச்சியும் புளிப்பும் சேர்ந்த நாற்றம் தொண்டையில் இறங்கியது. கோதுகளை அரிதட்டில் கொட்டிக் குழாய்க்குக் கீழே குலுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா இது?”

“எப்பிடி மினுங்குது பாரன்.”

“பழப்புளியோ போட்டனீங்கள்?”

“பித்தளைதானே. நீ குத்துவிளக்கை எதாலை மினுக்கிறனி?”

“குத்துவிளக்கிலை நான் பிள்ளைக்குக் கூழ் காய்ச்சிறேல்லை.”

“கழுவினாச் சரி. உனக்கு எல்லாத்துக்கும் அரியண்டம்தான்.”

அவர் குளிக்கப் போனதும் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கங்களிலேயே இருந்தது: கரியில் ஈயம் இருக்கும், சமைக்கிற இடத்தில் செய்யக்கூடாது, சமையல் பாத்திரம் பாவிக்கக்கூடாது, சிறுபிள்ளைகளை அண்டவிடக்கூடாது. அவர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் படம் போட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார். சட்டியையும் அரிதட்டையும் குப்பையில் போட்டேன், மாவையும் கொட்டினேன். அன்றிரவு அவர் குழைத்து நீட்டிய சோற்றுக் கவளத்தை வாங்க என் வாய் திறக்கவில்லை.

புது அரிதட்டு வாங்கப் போனபோது கடைக்கார அண்ணை சிரித்தார். “என்ன தங்கச்சி, மா அரிக்கிறனீங்களோ, மண் அரிக்கிறனீங்களோ? இப்பதானே ஒண்டு கொண்டுபோனனீங்கள்.” நானும் சிரித்து வைத்தேன்.

மருத்துவரிடம் சொல்வதா என்று பல நாள் தடுமாறினேன். வீட்டில் துப்பாக்கி இருப்பதாக எழுதி, யாரையாவது விசாரிக்க அனுப்பினால்? ஆனாலும் சொன்னேன். குழந்தையின் இரத்தம் சோதிக்க எழுதித் தந்தார். ஈயம் இருக்கிறது, கொஞ்சம்தான், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று முடிவு வந்தது.

“கொஞ்சம் எண்டால் பழைய வீட்டுப் பெயின்ற்றாலையும் வரும். எல்லாத்தையும் என்ரை தலையிலை போடாதை,” என்றார் கணவர்.

அதுவும் உண்மையாக இருக்கலாம். எங்கள் ஜன்னல் சட்டத்தில் பெயின்ற் உரிந்துதான் கிடக்கிறது.

இப்போது பொறியைக் கட்டிடத்தின் நிலவறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் மேலே வந்ததும் அதே சட்டையோடு மகளைத் தூக்குகிறார். அவள் அவருடைய விரலைப் பிடித்து வாயில் வைக்கிறாள். நகக்கண்ணில் கறுப்பு. நான் பிடுங்கி எடுத்தால் அவள் அழுகிறாள், அவர் முகம் சுருங்கிப் போகிறது. உணவக வேலையைத் தவிர அவருக்கென்று இருப்பது இந்தத் துப்பாக்கியும் கோதுகளும்தான்.

அடுத்த சோதனை வரை கை கழுவு, சட்டை மாற்று என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பதா, அல்லது முழுதாக விடச் சொல்வதா? சொன்னால் கேட்பாரா என்பது வேறு. இப்படி ஒருவரோடு சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் இதை வாசித்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.